ஐ10 ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பிறகு வண்டி உதறுகிறது, எந்த ஆயில் ஊற்றுவது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் குடியிருக்கிறேன், தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. போக வர தினமும் 80 கிலோமீட்டர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் போய்விட்டது. அதனால் போன வருடம் 2011 மாடல் ஹூண்டாய் ஐ10, 1.2 கப்பா, ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போது 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பத்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு நைசாக ஓடியது.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் சர்வீஸுக்கு விட்டேன். "கியர்பாக்ஸ் ஆயில் கருத்திருக்கிறது, மாற்றிவிடலாம்" என்றார் மெக்கானிக். நானும் சரி என்றேன். பில்லில் "ஏடிஎஃப் 4 லிட்டர்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாம். என்ன கம்பெனி, என்ன கிரேடு, எதுவும் இல்லை.

அடுத்த வாரமே தொந்தரவு ஆரம்பித்தது. 55, 60 வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக வைத்து ஓட்டும்போது, சாலையில் வரிவரியாகப் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுத் தடைகளின் மேல் ஏறிப் போவதுபோல வண்டி நடுங்குகிறது. மூன்று நான்கு விநாடிதான், பிறகு நின்றுவிடும். பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டை வரும்வரை பத்துத் தடவையாவது வரும். வண்டி நன்றாகச் சூடான பிறகு இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல ஒரு உதறல். காலையில் நியூட்ரலிலிருந்து டி-க்குப் போட்டால் "டொக்" என்று ஒரு சத்தம் வேறு.

திரும்பப் போய்க் கேட்டேன். "ஆட்டோமேட்டிக் ஆயில் எல்லாம் ஒன்றுதான்மா, சிவப்பு ஆயில். பவர் ஸ்டீரிங்குக்கும் இதையேதான் ஊற்றுகிறோம்" என்றார். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினால், ஓட்டிக்கூடப் பார்க்காமல், பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்லும் தொகை வண்டி விலையில் பாதி வருகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இந்த வண்டிக்குச் சரியான ஆயில் எது? இந்த ஆறு வாரத்தில் உள்ளே ஏதாவது கெட்டிருக்குமா? இந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போய்வர என்னால் முடியாது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

சேலம் ரோடு:

மேடம், பழைய ஆயிலை இறக்கிவிட்டு டெக்ஸ்ரான் 6 ஃபுல் சிந்தெடிக் ஊற்றுங்கள். டெக்ஸ்ரான் 3-ஐ விடப் புதியது, தரம் அதிகம். சூடு தாங்கும், சீக்கிரம் கருக்காது. நண்பர் ஒருவரின் செவர்லே காரில் அதைத்தான் ஊற்றுகிறோம், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் நல்ல ஆயில் எந்த பாக்ஸுக்கும் நல்லதுதானே.

கோவை கியர்பட்டறை:

டீச்சர், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாக்ஸைப் பிரிக்க யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். பத்து மாதம் நன்றாக ஓடிய பெட்டி, ஆயில் மாற்றிய மறுவாரமே உதறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஆயிலை. நான் 26 வருடமாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் செய்கிறேன். இப்படி வரும் வண்டிகளில் பெட்டியைப் பிரித்துப் பார்த்து வீணாகச் செலவு செய்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது 60-ல் போங்கள். நடுக்கம் வரும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக்கை லேசாகத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. உங்கள் இடது காலுக்கு இது வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். தொட்ட உடனே நடுக்கம் நின்றால் அது டார்க் கன்வெர்ட்டருக்குள் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் லாக்-அப் கிளட்ச். பிரேக் தொட்டதும் அந்தக் கிளட்ச் விட்டுவிடும், அதனால்தான் நிற்கிறது.

அந்தக் கிளட்ச் ஆயிலில் முங்கியபடியே பிடிக்க வேண்டும். பிடிக்கும் கணத்தில் கொஞ்சம் வழுக்கி, பிறகு இறுக வேண்டும். எவ்வளவு வழுக்கலாம் என்பதை முடிவு செய்வது ஆயிலில் கலந்திருக்கும் மருந்து. மருந்து மாறினால் கிளட்ச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு என்று தடுமாறும். நீங்கள் சொல்லும் வெள்ளைக் கோட்டு நடுக்கம் அதுதான். 2-லிருந்து 3-க்குப் போகும்போது வரும் உதறலும் இதே கதைதான், அங்கே வேறு கிளட்ச், அவ்வளவே.

உங்கள் பெட்டி 4 ஸ்பீடு. அதற்கு எழுதியிருக்கும் ஆயில் எஸ்பி-3. வண்டியோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எண்ணெய் அளவுகள் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள், அந்தப் பெயரே இருக்கும். அது மிட்சுபிஷி வழியில் வந்த ஆயில். 1975-ல் ஹூண்டாய் போனி கார் செய்தபோதே எஞ்சினும் கியர்பாக்ஸும் மிட்சுபிஷியுடையவை. அந்தப் பழக்கம் ஆட்டோமேட்டிக் பெட்டி வரை தொடர்ந்தது. பின்னால் வந்த 6 ஸ்பீடு பெட்டிகளுக்கு எஸ்பி-4 என்று ஒன்று உண்டு, அது மெல்லிய ஆயில். எண் பெரிதாக இருக்கிறதே என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சேலம் ரோடு நண்பருக்கு: டெக்ஸ்ரான் 6 நல்ல ஆயில்தான், ஆனால் அது ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்டிகளுக்காக வகுத்தது. உங்கள் நண்பரின் செவர்லேக்குப் பொருந்துவதில் ஆச்சரியமில்லை. பழைய 3-ஐ விட அது மெல்லியது, 100 டிகிரி சூட்டில் அதன் பிசுபிசுப்பு 6.4 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் விதி. பழைய 3 ஏழுக்கு மேல் நிற்கும். தரம் வேறு, பொருத்தம் வேறு. இன்னொன்று, டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை அந்தக் கம்பெனி 2006-லேயே நிறுத்திவிட்டது. இன்றைக்கு டப்பாவில் "டெக்ஸ்ரான் 3" என்று பார்த்தால், அதை ஜெனரல் மோட்டார்ஸ் சோதித்து ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. நம் ஊரில் டிக்யூ ஆயில் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சிவப்பு ஆயில் பெரும்பாலும் அந்த வகைதான். டீச்சரின் வண்டியில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சிவப்பு என்பது வெறும் சாயம். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கப் போடுவது. எஸ்பி-3-யும் சிவப்புதான்.

ஆயில் வாங்கும் முன் அளவைப் பார்த்துவிடுங்கள். எத்தனை லிட்டர் இறங்கியது என்று அளக்காமல் 4 லிட்டர் ஊற்றியிருந்தால் கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். கூடினால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், இரண்டிலும் உதறல் வரும். 20 கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விநாடி நிறுத்தித் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். "ஹாட்" என்ற இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்க வேண்டும். எஞ்சின் ஆயில் பார்ப்பதுபோல அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். அந்த ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. நடுவில் கரும்பொட்டு நின்று தீய்ந்த வாசனை வந்தால் என்னிடம் மறுபடி சொல்லுங்கள், அப்போது பேச்சு வேறு.

ஒரே தடவையில் பழையது முழுதும் வெளியே வராது. அடி போல்ட்டைக் கழற்றினால் ஏறக்குறைய பாதிதான் இறங்கும், மீதி கன்வெர்ட்டரிலும் உள்ளேயும் நிற்கும். அதனால் இறக்கு, ஊற்று, 200 கிலோமீட்டர் ஓட்டு. இப்படி மூன்று முறை. முதல் முறையில் பாதி மாறும், இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் எட்டில் ஏழு பங்கு மாறிவிடும். ஒவ்வொரு முறையும் இறங்கியதைக் குப்பியில் அளந்து அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். இரும்புத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பயமில்லை. ஊசி ஊசியாக இரும்புத் துணுக்கு இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். உதறலை நிறுத்தும் என்று சின்ன டியூபில் விற்கும் மருந்து எதையும் கலக்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஊற்றுகிறவருக்கும் தெரியாது.

நெல்லைப் பயணி:

அண்ணா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஏஎம்டி கார். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை ஆடுகிறது. நானும் எஸ்பி-3 ஊற்றலாமா?

கோவை கியர்பட்டறை:

வேண்டாம் தம்பி. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு கருவி செய்கிறது. உள்ளே இருப்பது கியர் ஆயில், ஏடிஎஃப் அங்கே போகக் கூடாது. அந்த ஆட்டம் ஓரளவு அந்த அமைப்பிலேயே உண்டு, கியர் மாறும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் குறையும். புதிதாக அதிகமாகியிருந்தால் கிளட்ச் தேய்மானத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரில் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கற்பிக்கச் சொல்லுங்கள்.

சிவிடி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் பெட்டியில் இரும்பு பெல்ட் இரும்புப் புல்லியைப் பிடிக்க வேண்டும், அதற்குத் தனி ஆயில். ஏடிஎஃப் ஊற்றி ஓட்டிய ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. புல்லி முகத்தில் நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்குக் கோடு. பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று.

காவிரிக்கரை:

கோவை அண்ணாவுக்கு. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

தம்பியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து சோதனை செய்தோம். பிரேக்கைத் தொட்ட கணமே நடுக்கம் நின்றது. நான்கு முறை செய்தோம், நான்கு முறையும் நின்றது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அளவு பார்த்தால் "ஹாட்" கோட்டுக்கு மேல் ஒரு விரல் அகலம் கூடுதல். துணியில் விட்ட சொட்டு சிவப்பாகப் பரவியது, வாசனை இல்லை. புத்தகத்தில் நீங்கள் சொன்ன பெயரே இருக்கிறது.

எஸ்பி-3 வாங்கத் தஞ்சாவூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் "எல்லா வண்டிக்கும்" என்று எழுதிய டப்பாவைக் கொடுத்தார்கள். மூன்றாவது கடையில் சொல்லி வைத்து, நான்கு நாள் கழித்துக் கம்பெனி டப்பாவே வந்தது. பழைய மெக்கானிக்கிடம் போகவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் பட்டறை வைத்திருக்கிறான், அவனிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு அளந்துதான் ஊற்றினான்.

முதல் முறை மாற்றியதும் நடுக்கம் பாதியானது. இரண்டாவதற்குப் பிறகு ஒரு பயணத்தில் ஒரு தடவை, அதுவும் வெயிலில் நெரிசலில் நின்று கிளம்பிய பிறகு மட்டும். மூன்றாவது முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் உதறலும் இல்லை. காந்தத்தில் மை மட்டும்தான்.

"டொக்" சத்தம் மட்டும் போகவில்லை. மறுபடி ஆயிலைக் குறை சொல்லத் தோன்றியது. ஆனால் பையன் பானட்டைத் திறந்து, என்னை பிரேக் மிதித்தபடி டி-க்கும் ஆர்-க்கும் மாற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தான். பின்பக்க எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்து, எஞ்சினே துள்ளியது. மாற்றியதும் சத்தம் நின்றது.

மிச்சம் ஒன்றரை லிட்டர் ஆயில் இருக்கிறது. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். டிப்ஸ்டிக் கைப்பிடியில் வெள்ளை பெயின்ட்டால் "எஸ்பி-3 மட்டும்" என்று எழுதிவிட்டேன், அடுத்து யார் கை வைத்தாலும் கண்ணில் படும்.

கோவை கியர்பட்டறை:

ரொம்ப சந்தோஷம் டீச்சர். அந்தப் பையனுக்கு நல்ல கை, அவனையே வைத்துக்கொள்ளுங்கள். டப்பா மூடிக்குள் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை சூட்டில் அளவு பார்த்து எழுதுங்கள்.