பேரணிக்குப் போனோம், அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் போனோம்: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டை ஆள்:

தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களும் திருநங்கை, திருநம்பிகளும் சேர்ந்து நடக்கும் வானவில் பேரணிக்கு முதல்முறையாக வரலாமா, யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். என் முதல் பேரணியைச் சொல்கிறேன். பேரணியை விட அதற்குப் பிறகு வந்த சில வாரங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒருத்தர் புதுச் செருப்பு வாங்கினாலே நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் வானவில் கைப்பட்டையைப் பையின் அடியில் வைத்து, நண்பன் வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மெட்ரோவில் சென்ட்ரல் வரை வந்து, அங்கே வண்டி மாறி எழும்பூரில் இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த பிறகுதான் அதைக் கையில் கட்டினேன். முதலில் பறைச் சத்தம்தான் காதில் விழுந்தது. 2009-இல் மெரினாவில் இந்தப் பேரணி தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்னைப் போன்றவர்கள் இத்தனை பேர் ஒரே சாலையில் நடப்பதை அன்றுதான் பார்த்தேன். அழுதேன், ஆடினேன், தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

திரும்பும்போது ஒரு தன்னார்வலர் கையில் துண்டுச்சீட்டு கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம் என்று அதில் போட்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நண்பனோடு ஆணுறை இல்லாமல் இருந்திருந்தேன். அதை நினைக்காமல் தூங்கிய ராத்திரி குறைவு.

பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் தங்கையின் தோழி ஒருத்தி அங்கேதான் படிக்கிறாள். அதனால் வேறு ஏரியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு போடுகிற இடத்தில் இருந்தவர், "எதுக்குப்பா அந்த டெஸ்ட்டு?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு கேள்வியால் எனக்கு மூன்று வாரம் வீணானது. அவருக்கு அது தெரியவே தெரியாது. எத்தனை பேர் அப்படித் திரும்பிப் போயிருப்பார்கள் என்று இப்போதும் கோபம் வருகிறது.

இரண்டாவது முறை யாரிடமும் எதுவும் கேட்காமல், பலகையைப் பார்த்து நேராக மையத்துக்கே போய்விட்டேன். ஆலோசகர் அம்மா கதவைச் சாத்தினார். ஆணோடா, பெண்ணோடா, கடைசியாக எப்போது என்று கேட்டார். காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரல். ரத்தம் எடுக்கச் சம்மதமா என்று கேட்ட பிறகுதான் எடுத்தார்கள். தன்பாலின உறவு குற்றமில்லை என்ற 377-ஆம் பிரிவுத் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பர் 6. அதற்கு நாலே நாள் கழித்து, செப்டம்பர் 10-ஆம் தேதி, எச்ஐவி தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. நம் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முதல் தேதியை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். இரண்டாவது தேதி எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது.

எச்ஐவி இல்லை என்று வந்தது. சிபிலிஸ் இருந்தது. மேகநோய் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். எனக்கு ஒரு வலியும் தெரியவில்லை. அதன் புண் வலிக்காமல் வந்து தானாகவே ஆறிவிடும், நோய் மட்டும் ரத்தத்தில் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். பென்சிலின் ஊசி போட்டார்கள். இடுப்பு இரண்டு நாள் கனத்தது, அவ்வளவுதான். ஊசி வேலை செய்ததா என்று பார்க்கச் சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன்.

அந்த நண்பனுக்குப் போன் செய்யத்தான் நாள் பிடித்தது. "மச்சி, நீயும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், எந்த இடம், எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டான். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

கொருக்குப்பேட்டை திருநம்பி:

பெண் உடலில் பிறந்து ஆணாக வாழும் என்னைப் போன்ற தம்பிகள் பேரணிக்கு வருவதானால் இதைக் கட்டாயம் படியுங்கள். நெஞ்சை இறுக்கும் பைண்டர் வாங்கக் காசு இல்லாத நாளில், மெடிக்கலில் கிரேப் பேண்டேஜ் வாங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். காலை ஒன்பது மணிக்குச் சுற்றியது. சாயங்காலம் நடக்கும்போது மூச்சு பாதிதான் உள்ளே போனது. ஜூன் வெயிலும் புழுக்கமும் உங்களுக்கே தெரியும். ஒன்றுக்குப் போக எந்தக் கழிப்பறைக்குள் நுழைவது என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு திருநங்கை அக்காக்கள் கைத்தாங்கலாக நிழலுக்குக் கொண்டுபோய், சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பேண்டேஜைக் கழற்றினார்கள். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்தார்கள். விலா எலும்பு ஒரு வாரம் வலித்தது.

அந்த பேண்டேஜ் அசைய அசைய இறுகிக்கொண்டே போகும். அதை நெஞ்சுக்குக் கட்டவே கட்டாதீர்கள். அளவான பைண்டராக இருந்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெயிலில் நடக்கிற நாளில் அதையும் குறையுங்கள். தொளதொள சட்டை போட்டு வாருங்கள், அங்கே உங்களை யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக்கு நான் துணைக்கு வருகிறேன்.

பெயர் வேண்டாம்:

நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்தால் போதுமா? கை நடுங்குகிறது.

தண்டையார்பேட்டை ஆள்:

தம்பி, இன்றைக்கே கிளம்புங்கள். எச்ஐவி தொற்று பிடிக்காமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பெரிய அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். வழி தெரியவில்லை என்றால் எச்ஐவி உதவி எண் 1097-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது. பரிசோதனை அப்புறமும் செய்ய வேண்டும்தான். ஆனால் இப்போது மாத்திரைதான் முக்கியம். போனதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

ராயபுரம் அக்கா:

கண்ணுங்களா, எழுதியதை எல்லாம் படித்தேன். இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டுபிடித்ததே நம் சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. எனக்கே அது இருக்கிறது என்று தெரிய வந்தது பல வருடம் கழித்து.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த மூன்று பேரை நான் பறிகொடுத்தேன். மாத்திரை அப்போதும் இருந்தது, வாங்கத்தான் காசு இல்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1. அதை வாங்க பீச் ஸ்டேஷனில் ஏறி தாம்பரம் சானடோரியத்தில் இறங்குவேன். ஒரு நாள் வேலை போகும். ரயிலில் பக்கத்தில் உட்காரவே யோசிப்பார்கள். திருநங்கை என்பதாலா, மெலிந்து கிடந்ததாலா தெரியாது. ஆனாலும் ஒரு மாதம்கூட விட்டதில்லை. அந்த மூன்று பேரும் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருந்தால் அவர்களும் என்னோடு அந்த ரயிலில் வந்திருப்பார்கள்.

இப்போது தினம் ராத்திரி ஒரே மாத்திரை. என் ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை கருவிக்கே எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படியே இருக்கும் வரை உறவின் வழியாக என்னிடமிருந்து யாருக்கும் பரவாது. டாக்டரே சொன்னது இது. மற்ற நோய்களுக்காக ஆணுறையை நான் விடவில்லை.

போன பேரணி முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மணி அலாரம் அடித்தது, பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். பக்கத்தில் இருந்த வியாசர்பாடிப் பையன், "சர்க்கரைக்காக்கா?" என்று கேட்டான். இல்லடா என்று உண்மையைச் சொன்னேன். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவனே திறந்து கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒரு தடவை பார்க்கணும்க்கா" என்று மெதுவாகச் சொன்னான். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போனோம்.

இந்த முறையும் பேரணிக்கு மறுநாள் போகிறேன். தனியாகப் போகப் பயப்படுகிறவர்கள் என்னோடு வரலாம். எட்டு மணிக்கு ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். பச்சைச் சேலை கட்டியிருப்பேன்.