கரடி பொம்மை தைத்தால் வீடெல்லாம் முடி பறக்கிறது, உதவுங்கள்

உடுமலைப்பெண்
வணக்கம். கரடி பொம்மை தைத்துக்கொண்டிருக்கிறேன். துணியில் கத்தரி வைத்தாலே முடி பறந்து தரை, சேலை, சோற்றுக் குண்டா என்று எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. பெருக்கினால் எழும்பி வேறிடத்தில் போய் உட்காருகிறது. தைத்து முடித்த பொம்மையைத் தடவினாலும் கையோடு வருகிறது. காதுகுத்துக்கு வரும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியவை, நாள் நெருங்கிவிட்டது. என்ன செய்வது?

கோபிக்காரர்
என்ன துணி அம்மிணி? செயற்கை முடித்துணியான ஃபரா, ஆட்டுமுடியில் நெய்த மொஹேரா? அடித்துணி பனியன் துணிபோல் இழுபடுகிறதா, தறித்துணிபோல் விறைப்பாக இருக்கிறதா? எப்படி வெட்டுகிறீர்கள்? இவை தெரியாமல் எதைச் சொல்வது?

பல்லடம் மில்காரர்
எல்லாம் ஈரப்பதம்தான். காலமெல்லாம் நூற்பாலையில் இருந்தவன் சொல்கிறேன். ஆலைக்குள் ஈரக்காற்று விடுவது எதற்காக? காற்று வறண்டால் நிலைமின்சாரம் ஏறிப் பஞ்சு எழும்பும். அக்ரிலிக், பாலியஸ்டர் ஃபர் பருத்தியைவிட மோசம். மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். துடைப்பம் வேண்டாம், ஈர மாப் போதும். மாஸ்க் கட்டாயம். பஞ்சுத் தூசியால் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து மூச்சுக்குத் தவித்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஊசிமுனை
இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. பழைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்டால் நல்லது. முடியை வெட்டுகிறீர்கள், அதனால் முடி பறக்கிறது. வெட்ட வேண்டியது அடித்துணியை மட்டும். தைக்க உட்காரும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய பாடம் இது.

பீளமேட்டுப் பொம்மை
மொஹேருக்கு மாறிவிடுங்கள் அக்கா. அங்கோரா ஆட்டு முடி, பருத்தி அடித்துணியில் நெய்தது. 1903-இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் ஸ்டைஃப் கம்பெனி வைத்த கரடியே மொஹேர்தான். அதன் அழகு தனி.

கோபிக்காரர்
அழகுதான், ஆனால் விலை? காதுகுத்துக்குக் கட்டுபடியாகாது தம்பி.

திருப்பூர் கட்டிங்
வெட்டியதும் காற்று ஊதும் பிளோயர் அடியுங்கள். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற தையல் மிஷின் வரிசை முதல் தைத்த பீஸ் வரை எல்லாவற்றுக்கும் அதுதான். நொடியில் சுத்தம்.

ஊசிமுனை
கம்பெனியில் கூட்டிப் பெருக்கத் தனியே ஆள் உண்டு. வீட்டில் ஊதினால் அத்தனையும் அடுப்படிக்குப் போகும். மிஷினுக்குள் ஊதினால் கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸுக்கு அடியில் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தகட்டைக் கழற்றி பிரஷ்ஷால் எடுப்பதே முறை.

திருப்பூர் கட்டிங்
வரிசையாக நிற்கும் மிஷின்களை பிரஷ் வைத்துத் தேய்த்தால் ஷிஃப்ட் முடிந்துவிடும். ஊதும் திசை தெரிந்து ஊதினால் அடைக்காது. வேலை செய்பவனிடம் கேளுங்கள்.

ஊசிமுனை
அடைத்துப்போன மிஷினைப் பழுதுபார்ப்பவரிடமும் கேளுங்கள்.

உடுமலைப்பெண்
செயற்கை ஃபர். ஈரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்கியது. அடித்துணி இழுபடுகிறது. இரண்டாக மடித்து, முடிப்பக்கத்தில் இருந்து பெரிய கத்தரியால் வெட்டுகிறேன்.

கோபிக்காரர்
இதைத்தான் கேட்டேன். மடிக்க வேண்டாம், ஒற்றைத் துணியாகவே விரியுங்கள். முடிப்பக்கம் கீழே இருக்கட்டும். அட்டையில் வெட்டிய அச்சை அடித்துணியில் வைத்துப் பேனாவால் வரையுங்கள். முடி சாயும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். இடப்பக்கக் கைக்கும் காலுக்கும் அட்டையைத் திருப்பிப்போட்டு வரைய வேண்டும், மறந்தால் இரண்டும் ஒரே பக்கத்துக்கு ஆகிவிடும். சிறிய, கூர்மையான கத்தரியின் கீழ்நுனியை அடித்துணிக்கும் முடிக்கும் நடுவே நுழைத்து, அடித்துணியை ஒட்டியே தள்ளிக்கொண்டு, சின்னச் சின்னதாக வெட்டுங்கள். வெட்டியபின் இரண்டு துண்டையும் மெதுவாகப் பிரித்தால் முடி வெட்டுப்படாமல் முழு நீளத்தில் பிரிந்து வரும். பிளேடு பிடிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது, துணியைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தை மட்டும் கீறலாம்.

இப்படி வெட்டினாலும் ஓரத்தில் கொஞ்சம் உதிரும். ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் கையை வைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் அப்போதே வாக்குவம் கிளீனரால் இழுங்கள். அது இல்லையென்றால் எல்லாத் துண்டுகளையும் தலையணை உறையில் போட்டு, வாயைக் கட்டி, வெளியே கொண்டுபோய் நன்றாக உதறுங்கள். உதிர வேண்டியது உறைக்குள் உதிர்ந்துவிடும். சூட்டில் காட்டாதீர்கள், செயற்கை முடி சுருண்டுவிடும். தைக்கும்போது முடியை உள்ளே தள்ளி, குண்டூசி குத்துங்கள். தையலில் சிக்கியதைப் பிறகு ஊசிமுனையால் எடுத்துவிடலாம்.

உடுமலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

பல்லடம் மில்காரர்
மாஸ்க்கை விட்டுவிட்டீர்களே.

கோபிக்காரர்
மாஸ்க்கும் போடுங்கள். அண்ணன் சொல்வது சரி. இன்னொன்று: துணியின் நடுவில், வெட்டுப்படாத இடத்தில் ஒரு பிடி முடியை இழுத்துப் பாருங்கள். அங்கேயும் கையோடு வந்தால் குறை துணியில்தான். எப்படி வெட்டினாலும் நிற்காது. எடுத்ததை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு அந்தத் துணியில் தைத்துக் கொடுக்கக் கூடாது.

உடுமலைப்பெண்
பெட்டிக்குள் வைத்து, பின்பக்கத்தில் இருந்து வெட்டினேன். தரையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மிக்க நன்றி அண்ணா. மீதியை வெட்டப் போகிறேன்.

கோபிக்காரர்
மகிழ்ச்சி அம்மிணி. நடுவில் இழுத்துப் பார்த்தீர்களா? அதைச் சொல்லவில்லையே.

திருப்பூர் கட்டிங்
பிளோயரில் மிஷின் அடைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள்.