கலைச்சொல் உதவி: வண்டி போன வழி கைப்பேசியில் பதிகிறதே, அதற்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சாயல்குடியில் அடுத்த வாரம் இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறோம். மூக்கையூரிலிருந்து ஏர்வாடி வரை தார் போடாத பாதைகளில் ஓட்டுகிறவர்கள் வருகிறார்கள். தண்ணீர் வண்டிக்காரர்கள், மீன் ஏற்றுகிறவர்கள், புயல் நேரத்தில் மீட்புக்குப் போகும் இளைஞர்கள். கைப்பேசியில் ஜி.பி.எஸ். செயலியை ஓடவிட்டு, போன வழியை அப்படியே பதிந்து, அடுத்தவருக்கு அனுப்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். 16 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகம் போகிறது.

சிக்கல் இதுதான். செயலி மூன்று பொருள்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. புறப்படும் முன் வரைபடத்தில் நாமே போட்டுக்கொள்ளும் வழி ஒன்று. ஓட்டிய பிறகு எஞ்சும் கோடு இன்னொன்று. கிணறு, பாலம், சேறு என்று நாமே குத்தி வைக்கும் ஒற்றைப் புள்ளி மூன்றாவது. 2004-இல் வந்த ஜி.பி.எக்ஸ். 1.1 கோப்பு வடிவத்திலும் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. எங்கள் பழைய பயிற்சித் தாளில் மூன்றையும் 'வழித்தடம்' என்றே எழுதிவிட்டோம். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருவர், யாரோ வீட்டில் உட்கார்ந்து வரைந்த வழியை, ஓட்டிப் பார்த்த வழி என்று நம்பிப் போனார். மாரியூர் உப்பளத்து ஓரம் அச்சு வரை புதைந்து, மூன்று மணி நேரம் நின்றார். வண்டியில் குடிநீர் இருந்தது; காத்திருந்த ஊருக்கு அது போய்ச் சேரவில்லை. அந்தத் தாளில் எழுதியவன் நான்.

சொல் வேண்டும். எளிதாக இருக்க வேண்டும்.

பரமக்குடி, பேராசிரியர்:

அன்புள்ள தம்பி, 'வழித்தடம்' என்பதைப் பேருந்துக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். வழித்தட எண் என்றால் பஸ் நெற்றியில் இருக்கும் எண் என்று சிறுவனுக்கும் தெரியும். அது முன்கூட்டி வகுத்த வழி. ஆகவே உங்கள் முதல் பொருளுக்கு அது பொருந்தும்.

இரண்டாவதற்கு என் பரிந்துரை: ஆழித்தடம். நற்றிணையின் 11-ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அலை மோதும் மணற்கரை, நிலவு, தலைவன் தேர் வருகிறது. நண்டு நசுங்கிவிடாமல் பாகன் கடிவாளத்தைப் பார்த்துப் பிடித்து ஓட்டுகிறான். அந்த இடத்தில் வருகிற சொல் 'ஆழி'. சக்கரம் என்றும் கொள்ளலாம், கடல் என்றும் கொள்ளலாம். கடற்கரை மணலில் சக்கரம் போன கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நம் மொழி தராது. நெய்தல் நிலத்துப் பயிற்சிக்கு நெய்தல் சொல்லே வேண்டும்.

கீழக்கரை, பொறியாளர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். எங்கள் ஊரில் 'ஆழித்தடம்' என்று சொன்னால் படகு போகிற வழி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'ஆழிப்பேரலை' வந்த பிறகு ஆழி என்றால் கடல் மட்டுமே.

என் கருத்து: 'ட்ராக்' என்று ஆங்கிலச் சொல்லையே போடுங்கள். இந்தக் கடற்கரை ஒருபோதும் சொல்லுக்குச் சுங்கம் வாங்கியதில்லை. மாலுமி அரபியிலிருந்து வந்தது, நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. இரண்டையும் அன்னியம் என்று இன்று யார் நினைக்கிறார்கள்? இலக்கணம் சொல்லும் நாலு வகைச் சொல்லில், வெளியிலிருந்து வந்த திசைச்சொல்லும் ஒன்று.

முதுகுளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நாலு வகை என்பது வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கச் சொன்னதாகாது. சொல் இல்லாதபோது வாங்கலாம். இங்கே இருக்கிறதே: சுவடு.

சுவடும் சுவடியும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். பனை ஓலையில் எழுத்தாணி கீறிப் போன வழிதான் சுவடி. மணலில் சக்கரம் கீறிப் போவது சுவடு. இந்த மாவட்டம் பனைக்காடு. அந்தக் கோப்புக்குச் 'சுவடி' என்றும் உள்ளே இருக்கும் கோட்டுக்குச் 'சுவடு' என்றும் வைத்தால், ஒரே வேரில் இரண்டு கலைச்சொல் கிடைக்கும். 'சுவடு' என்ற ஒலியிலேயே சுவறுதல், அதாவது உள்ளே உறிஞ்சப்படுதல் இருப்பதையும் கவனியுங்கள். ஈர மணல் சக்கரத்தை உள்வாங்குகிறது அல்லவா?

பரமக்குடி, பேராசிரியர்:

சுவடி என்பது ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு என்ற பொருளில் வந்தது என்பாரும் உண்டு. கீறலை அதில் ஏற்ற முடியாது. சுவறுதலையும் இழுத்து வந்தால் வீட்டுச் சுவரும் பின்னாலேயே வரும், ஐயா.

இராமேசுவரம், பள்ளி ஆசிரியை:

எல்லாரும் பெரியவர்கள். நான் ஓட்டுநர் மகள் என்பதால் ஒன்று சொல்கிறேன்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, அங்கே போக வேண்டியவர்கள் நெடுங்காலம் மணலில்தான் போனார்கள். 2017-இல்தான் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதற்கு முன் என் அப்பா முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஜீப் ஓட்டினார். காலையில் முதல் வண்டியாக அவர் போக மாட்டார். முன்னால் போன வண்டியின் டயர் பதிவைப் பார்ப்பார். பட்டையின் ஓரம் உதிர்ந்து வெளுத்திருந்தால் நேற்றையது. ஓரம் கத்தி வெட்டியது போல நின்று, அடியில் கறுப்பாக ஈரம் தெரிந்தால் இன்றையது, நம்பலாம். தண்ணீர் ஏறிக் கிடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, தண்ணீருக்கு அடியில் அந்தப் பட்டையைத் தேடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அவர் அதைத் 'தடம்' என்றுதான் சொல்வார். தடம் பிடித்துப் போ. தடத்தை விட்டு இறங்காதே. தடம் அழிந்துவிட்டது. ஒட்டு எதுவும் கிடையாது. போகப் போகிற வழியை 'பாதை' என்பார், ஏற்கெனவே ஒரு வண்டி போனதைத் 'தடம்' என்பார். மொழிபெயர்ப்பாளர் கேட்கும் வேறுபாடு அவர் பேச்சிலேயே இருந்தது. கைப்பேசி செய்வதும் அதே வேலைதான். அலை வந்தாலும் அழியாத தடம், அவ்வளவுதான்.

கீழக்கரை, பொறியாளர்:

அம்மா எழுதியதைப் படித்த பிறகு 'ட்ராக்'கை நான் விட்டுவிடுகிறேன்.

கையேட்டுக்கு ஒரு குறிப்பு. நொடிக்கு ஒரு புள்ளியா, ஐந்து நொடிக்கு ஒன்றா என்று செயலி கேட்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் நகர்கிறோம், ஐந்து நொடியில் 28 மீட்டர். வரப்பு வளைகிற இடத்தில் அந்த 28 மீட்டருக்குள் வளைவு தொலைந்துபோகும். வெட்டவெளியில் கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிசகில் இடம் காட்டும். ஆகவே நொடிக்கு ஒன்று என்பதே சரி. கைப்பேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் பதிவு நடக்கும், செயற்கைக்கோள் போதும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பலர் நம்புவதில்லை.

பரமக்குடி, பேராசிரியர்:

'தடம்' தனித்து நிற்கும்போது மறுக்க மாட்டேன். ஆனால் அது தொகையில் போனால் என்ன ஆகும்? தடம் + பதிவு, மகரம் கெட்டு வல்லினம் மிக்குத் 'தடப்பதிவு'. தடம் + கோப்பு, 'தடக்கோப்பு'. 'தட' என்பது பெருமை குறிக்கும் உரிச்சொல். தடக்கை என்றால் பெரிய கை. தடக்கோப்பு என்றால் பெரிய கோப்பு! தடம் என்றால் குளமும்தான். கலைச்சொல்லில் இத்தனை பொருள் மயங்கக் கூடாது. ஆழித்தடத்தில் அந்த மயக்கம் இல்லை.

சென்னை, செயலிகளைத் தமிழாக்குபவர்:

ஐயா சொல்லும் மயக்கம் ஏட்டில் உண்டு, திரையில் இல்லை. சிவப்புப் பொத்தானுக்கு அருகில் 'தடப்பதிவு' என்று பார்ப்பவருக்குப் பெரிய பதிவு என்று தோன்றாது.

எனக்கு வேறு கவலை. பொத்தானில் ஏவல்வினை வேண்டும். 'தடம் பதி' என்றால் பதிந்துகொள் என்பதா, பதித்து வை என்பதா? மணலில் தடம் பதிகிறது, அதைக் கைப்பேசி பதிகிறது. ஒரே வினை இரண்டு பக்கமும் போகிறது. 'பதிவைத் தொடங்கு' என்று வையுங்கள். 'நிறுத்து', 'இடைநிறுத்து' இரண்டும் அருகருகே வந்தால் குலுங்கும் வண்டியில் விரல் தவறும். 'இடைநிறுத்து' வேண்டாம், 'சற்று நிற்க' என்று எழுதுங்கள். கண்ணுக்கு வேறாகத் தெரியும்.

ஒற்றைப் புள்ளிக்கு 'இடக்குறி'.

முதுகுளத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இடக்குறி சரி. 'குறியிடம்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அகப்பாடலில் தலைவனும் தலைவியும் சந்திக்க வாக்களித்துக்கொண்ட இடம் அது. பகற்குறி, இரவுக்குறி என்று இரண்டு வகை.

மண்டபம், ஆமை முட்டைகளைக் காப்பவர்:

சொல்லைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. பேராசிரியர் சொன்ன பாகனைப் பற்றிப் பேச வந்தேன். அவன் நண்டுக்காக விலகினான். தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. முட்டைக்குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. டயர் ஏறினால் முட்டை நசுங்கும். நசுங்காவிட்டாலும் குஞ்சு பொரிந்து கடலுக்குப் போகும்போது டயர் பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் அலையும், விடிந்ததும் காகம் கொத்தும். பள்ளத்தில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த குஞ்சுகளை நானே கையால் எடுத்து விட்டிருக்கிறேன்.

நீங்கள் ஒருவர் தடத்தை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அலையோர மணலில் போன ஒரு தடம் பரவினால், மறுவாரம் அதே கோட்டில் பத்து வண்டி வரும். கரையோரத் தடத்தைப் பகிராதீர்கள் என்று கையேட்டில் ஒரு வரி வேண்டும். கேட்டுக்கொள்கிறேன்.

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் கேட்ட வரி மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி வருகிறது. பயிற்சி ஓட்டத்தையும் பனங்காட்டுப் பாதையிலும் உப்பள வரப்புக்கு வெளியிலும் மட்டுமே வைத்துக்கொள்கிறோம். கரை மணலில் இறங்கப் போவதில்லை.

வியாழன் இரவு பத்து மணி. இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'தடம்' பக்கம் இருக்கிறார்கள். போகப் போகிற வழி 'பாதை'. பஸ் நினைவு வராமலிருக்க 'வழித்தட'த்தையே விட்டுவிட்டேன். ஓட்டிய வழி 'தடம்'. புள்ளி 'இடக்குறி'. கோப்புக்குத் 'தடக்கோப்பு'. சுவடியை எடுத்துக்கொள்ள எனக்கே ஆசை இருந்தது. ஆனால் கற்க வருபவர்கள் கைப்பேசியில் ஏற்கெனவே 'கோப்பு' என்றுதான் பார்க்கிறார்கள்.

பரமக்குடி, பேராசிரியர்:

அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. 'தடக்கோப்பு' பிழை என்ற என் கருத்து மாறவில்லை என்பதை மட்டும் குழுப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பு வந்தால் மீண்டும் எழுதுவேன்.

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:

பதிந்துகொண்டேன், ஐயா.

ஒன்று விடுபட்டுவிட்டது. நேற்று ஒத்திகை பார்த்தோம். மூக்கையூரில் பதிவைத் தொடங்கிக் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டேன். திரை அணைந்ததும், மின்கலத்தைச் சேமிக்கிறேன் என்று கைப்பேசி அந்தச் செயலியையே உறங்க வைத்துவிட்டது. வாலிநோக்கத்தில் எடுத்துப் பார்த்தால், நடுவில் இருந்த வளைவு எதுவும் இல்லை. உப்பளப் பாத்திகளின் மேல் குறுக்கே, ஒரு வண்டியும் போகாத, போகவும் முடியாத ஒரு நேர்கோடு கிடக்கிறது. திரையில் அதற்கும் தடத்தின் நிறம்தான். புதிதாகப் பார்ப்பவர் நம்பிப் போய்விடுவார்.

அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் வைப்பது? 'பொய்த்தடம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். காலை ஒன்பதுக்குள் யாருக்காவது வேறு தோன்றினால் சொல்லுங்கள்.

இராமேசுவரம், பள்ளி ஆசிரியை:

அப்பாவிடம் கேட்டேன். 'அறுந்த தடம்' என்கிறார்.