மறுமொழி: ‘டிஜிட்டல் வெர்னியர்’ என்றே எழுதிவிடலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மரவேலை பழகுவோருக்கான கையேட்டில், தடிப்பையும் விட்டத்தையும் இரண்டு தாடைகளால் அளக்கும் காலிபரை வாங்குவது பற்றிய பகுதியை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. எழுத்து நகராததற்குக் காரணம் அந்தக் கருவியின் பெயர்தான். பத்திக்கு நாலைந்து முறை வருகிற பெயர். அது சரியாக அமையாவிட்டால் வாக்கியம் வாக்கியமாகத் தடுக்கிறது. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று வந்த மடல்களை எல்லாம் இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பட்டறையில் எல்லாரும் வெர்னியர் என்றுதான் சொல்கிறார்கள். ‘டிஜிட்டல் வெர்னியர்’ என்றே எழுதிவிட்டால் என்ன?

தம்பி, நானும் தினமும் “அந்த வெர்னியரை எடு” என்றுதான் கேட்கிறேன். பேச்சில் அது இருக்கட்டும். ஆனால் வெர்னியர் என்பது 1631இல் பியேர் வெர்னியர் வெளியிட்ட நகரும் துணைக்கோலின் பெயர். பெரிய கோலின் 49 மி.மீ. நீளத்தைத் துணைக்கோலில் 50 பிரிவாக்கினால், ஒவ்வொரு பிரிவும் ஒரு மில்லிமீட்டரைவிட 0.02 குறைவாக இருக்கும். இரண்டு கோல்களிலும் எந்தக் கோடுகள் நேர்நேராக நிற்கின்றன என்று பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். பேட்டரி போட்ட கருவியில் அந்தத் துணைக்கோலே கிடையாது. அதன் கோலின் மேலுள்ள ஒட்டுத்தாளுக்கு அடியில் வரிசையாகச் செப்புப் பட்டைகள் இருக்கின்றன. நகரும் தலை அவற்றைக் கடக்கும்போது மின்தேக்குதிறன் ஏறி இறங்குவதைக் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. கோடு பார்ப்பது, முள் சுற்றுவது, எண் காட்டுவது என்ற மூன்று வகையையும் ஒப்பிடப் போகும் கையேட்டில் மூன்றுக்கும் வெர்னியர் என்று பெயர் வைத்தால், உண்மையான வெர்னியரை எப்படித்தான் அழைப்பது?

இன்னொன்றும் உண்டு. சீனத்தில் வாங் மாங் ஆட்சியில் செய்த, கி.பி. 9ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறித்த வெண்கலக் காலிபர் கிடைத்திருக்கிறது. அதற்கும் முந்தையது, இத்தாலியின் ஜிலியோ தீவருகே மூழ்கிய கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கப்பலில் எடுத்தது; அது மரத்தால் ஆனது. நிலையாக ஒரு தாடை, நகரும் தாடை ஒன்று என்ற அமைப்பு இவற்றிலேயே வந்துவிட்டது. வெர்னியர் பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கருவி இருந்திருக்கிறது. மாறாமல் வருவது அந்த இரண்டு தாடைகள்தாம். பெயரும் அங்கிருந்து வரட்டும் என்பதே என் கட்சி.

> இலங்கைப் பாடநூல்களில் ‘இடுக்கிமானி’ நெடுநாளாக இருக்கிறதே. இருக்கும் சொல்லை விட்டுப் புதிது ஏன்?

ஐயா, இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். சொல் செறிவானது, பயன்பாட்டில் நின்று நிலைத்தது. ஆய்வகத்தில் எஃகுக் குண்டை அளக்கும் மாணவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மரத்துக்கு வரும்போதுதான் எனக்குத் தயக்கம். இடுக்குதல் என்றால் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிப்பது. மரவேலையில் அந்த நெருக்கம்தான் பிழையின் ஊற்று.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். பைன் சட்டத்தில் 12 மி.மீ. துளை வெட்டிவிட்டு, மற்றச் சட்டத்தின் முனையில் அதற்கான நாக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் உருளையை இறுக உருட்டி அளந்தேன்; திரையில் 12.00. நாக்கு துளைக்குள் போக மறுத்தது. திரையை நம்பிக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினேன். துளையின் பக்கச்சுவர் இழையோடு சேர்ந்து பிளந்துவிட்டது. நாக்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அதன் இரு பக்கமும் தாடை முனை அமுக்கிய மெல்லிய கோடு. நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. தாடையின் அகன்ற பகுதியால், விரலால் தள்ளாமல் தொட்டும் தொடாமலும் அளந்தால் 12.2. கருவி பொய் சொல்லவில்லை. நான் மரத்தை இடுக்கினேன்.

அதனால் பழகுபவர் கையில் கொடுக்கும் கருவிக்கு இடுக்கச் சொல்லும் பெயரை வைக்க மனம் வரவில்லை. மடல்களில் வந்த ‘கவ்வளவி’ என்ற பெயருக்கும் இதே காரணம் பொருந்தும். தவிர, உள்விட்டம் அளக்கும் மேல்தாடைகள் கவ்வுவதே இல்லை, விரிந்து தொடுகின்றன.

‘கவைக்கோல்’ அழகான சொல். அதைக் கடைசல்காரர்கள் வைத்திருக்கும், இரண்டு கால் வளைந்த, அளவெண் இல்லாத காலிபருக்கு ஒதுக்கிவைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது உண்மையிலேயே கவைதான். கையேட்டில் அதற்கும் ஓர் இடம் வரும்.

என் முன்மொழிவு: அலகுக்கோல்.

அலகு என்றால் பறவையின் மூக்கு. தாடைக்கும் அந்தப் பெயர் உண்டு. காலிபரை ஒரு பக்கமாகப் பிடித்துப் பாருங்கள், வாய் திறந்த பறவையின் முகம் தெரியும். கோல் என்பது நம் தச்சர்களுக்குப் புதிதில்லை, முழக்கோல் இருக்கிறது. அலகை உடைய கோல் என்று விரியும் தொகை என்பதால் க் மிகும். ‘அலகுகோல்’ என்று எழுதிவிட வேண்டாம்.

> அலகு என்றால் யூனிட் என்றல்லவா மாணவர் படிக்கிறார்கள்? குழம்பாதா?

அம்மா சொல்வது நியாயமான கவலை. ஆனால் அந்தப் பொருள் இங்கே கைகொடுக்கிறது என்று நினைக்கிறேன். அளவில்லாததை ‘அலகிலா’ என்கிறோம். செய்யுளைச் சீர் பிரித்துக் கணக்கிடுவதை ‘அலகிடுதல்’ என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அளவு என்ற பொருள் சொல்லுக்குள் ஏற்கெனவே ஓடுகிறது. மூக்கும் அளவும் ஒரே சொல்லில் கிடைப்பது அரிது. அதோடு நமக்கு ஒரு வினைச்சொல்லும் சேர்ந்தே வந்துவிடுகிறது: “பலகையை அலகிட்டுப் பார்.” இடுக்கிமானியிலிருந்து இப்படி ஒரு வினை எடுக்க முடியவில்லை. மில்லிமீட்டர், அங்குலம் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் ‘அளவை முறை’ என்று எழுதிக்கொண்டால் மோதல் வராது.

உறுப்புகள் எளிதாக அமைகின்றன: நிலையலகு, நகரலகு, வெளியலகு, உள்ளலகு. ஆழம் பார்க்கும் மெல்லிய பட்டை ஆழக்கம்பி.

வகைகளுக்கு, அளவு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் பெயரிடலாம். கோடு பார்ப்பது கோட்டு அலகுக்கோல், முள் சுற்றுவது முள் அலகுக்கோல், எண் காட்டுவது எண் அலகுக்கோல். வாங்குபவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது இந்த மூன்றில் ஒன்றை என்பதால், பெயரிலேயே தேர்வு தெரிந்துவிடும். கோட்டு வகைக்குப் பேட்டரி வேண்டாம். நல்ல கண்ணும் வெளிச்சமும் வேண்டும். மரத்துக்கு 0.05 மி.மீ. பிரிவே தாராளம், 0.02ஐவிடப் படிக்கவும் எளிது. முள் வகையைத் தூசி நிறைந்த பட்டறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முள்ளைச் சுழற்றும் பல்சட்டத்தில் மரத்தூள் அடைத்தால் முள் தாவிவிடும். பிறகு சுழி (0) இருந்த இடத்தில் இருக்காது.

எண் வகைதான் பெரும்பாலோர் வாங்கப் போவது. அதன் பெரிய வசதி எந்த இடத்திலும் சுழி வைத்துக்கொள்ளலாம் என்பது. ஒரு பலகையை அலகிட்டுச் சுழி அழுத்திவிட்டால், அடுத்த பலகைகள் எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று திரையே சொல்லிவிடும். இழைக்கும்போது கழித்தல் கணக்கே போட வேண்டாம். குறை, மலிவானவற்றில் பல, திரையை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பது. எல்.ஆர்.44 என்ற பொத்தான் பேட்டரிக்குப் பதில் எஸ்.ஆர்.44 போட்டால் நெடுநாள் உழைக்கும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைப்பது இன்னும் நல்லது.

இங்கே ஒரு துணைக் கோரிக்கை. எண் திரை 0.01 வரை காட்டுவதைப் பலரும் ‘0.01 துல்லியம்’ என்று எழுதுகிறார்கள். 150 மி.மீ. வரை அளக்கும் கருவியில் துல்லியம் பெரும்பாலும் 0.02 அல்லது 0.03 மி.மீ. கூடக்குறைய என்றுதான் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். காட்டும் மிகச் சிறிய அளவுக்கு மீச்சிற்றளவு என்ற பாடநூல் சொல்லை வைத்துக்கொள்வோம். இழிவெண்ணிக்கை என்று படித்தவர்களுக்கும் புரிந்துவிடும். உண்மைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதற்கு மட்டும் துல்லியம். இரண்டையும் ஒன்றாக்கினால் வாசகர் தேவையில்லாத புள்ளிகளுக்குப் பணம் கொடுப்பார். ஈரம் ஏறி இறங்குவதால் 100 மி.மீ. அகலப் பலகையே ஒரு மில்லிமீட்டர் வரை மாறக்கூடியது.

அந்தப் பணத்தை அலகுகளுக்குக் கொடுக்கட்டும். மலிவான கருவிகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுவது அங்கேதான். சோதிக்க விலை உயர்ந்த அளவுக்கட்டை தேவையில்லை. ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் 608 பேரிங் போதும். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ., உள்விட்டம் 8 மி.மீ. சாதாரணத் தரத்திலும் இந்த இரண்டும் 0.01 மி.மீ.க்குள் நிற்கும். 7 மி.மீ. அகலத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதில் 0.12 வரை குறைய இடம் கொடுத்திருக்கிறார்கள். வெளிவிட்டத்தை வெளியலகின் அடியில் ஒரு முறை, நுனியில் ஒரு முறை பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் அலகுகள் இணையாக இல்லை, அல்லது நகரலகு ஆடுகிறது. உள்ளலகு 8க்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு குறைத்துக் காட்டினால் பதற வேண்டாம். அதன் கூர்விளிம்பில் இருக்கும் சிறு தட்டைப் பகுதியால் சிறு துளைகளில் அப்படித்தான் வரும்.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க, கையேட்டின் முதல் பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“முதல் அலகுக்கோல் 150 மி.மீ. வரை அளந்தால் போதும். வாங்கியதும் அலகுகளைத் துடைத்து மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையே ஒளிக்கோடு தெரிந்தால் வேறு கேளுங்கள். நகரலகைத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல், ஆடாமல் ஓட வேண்டும். பலகையை அலகிடும்போது அலகின் அகன்ற பகுதி மரத்தைத் தொடட்டும், அமுக்க வேண்டாம். ஒரே இடத்தை மூன்று முறை அலகிட்டு, மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.”

அலகு, அலகுக்கோல், அலகிடு மூன்றும் அடுத்தடுத்து வருவது காதுக்கு உறுத்துகிறதா என்று வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். உறுத்தினால் உறுப்பை மட்டும் ‘தாடை’ என்று மாற்றிக்கொள்ள எனக்குச் சம்மதமே. ஆழக்கம்பி பற்றி யாரும் இதுவரை எதுவும் சொல்லவில்லை. கம்பியாக இல்லாமல் தட்டையாக இருப்பதால் ‘ஆழநாக்கு’ பொருந்துமா?

அன்புடன்.