புது செலரோனா, பழைய ஐ5-ஆ? கெம்பஸ் போகும் தங்கச்சிக்கு லெப்டொப்

லிந்துலை பொடியன்

வணக்கம். தங்கச்சிக்கு ஊவா வெல்லஸ்ஸ கெம்பஸ் கிடைச்சிருக்கு. கம்பியூட்டர் சம்பந்தமான டிகிரி, லெப்டொப் இல்லாம நடக்காது. கையில ஒரு இலட்சத்து இருபதாயிரம் இருக்கு. நெருக்கிப் பிடிச்சா இன்னும் பத்தாயிரம் போடலாம்.

கண்டியில விசாரிச்சதில மூணு சாமான் கண்ணில பட்டிச்சு. ஒண்ணு பிராண்ட் நியூ: இன்டெல் செலரோன் என்4500 புரொசெசர், 8 ஜி.பி. ரெம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ரெண்டு வருச வொரண்டி, 118,000 ரூபா. ரெண்டாவது ரிஃபர்பிஷ்ட் (பழசைச் சரிபார்த்து விக்கிறது) லெனோவோ திங்க்பேட் டி480: ஐ5-8350யூ, அதே 8 ஜி.பி. ரெம், 256 எஸ்.எஸ்.டி., 92,000 ரூபா, மூணு மாச வொரண்டி, பெட்டரிக்கு வொரண்டி இல்லை. மூணாவது ஏழாந்தலைமுறை ஐ5, 68,000 ரூபா. விண்டோஸ் 11 போட்டே தர்றாங்களாம்.

வீட்டில "அடுத்தவன் கழிச்சுப் போட்டதை வாங்காதே"ங்கிறாங்க. எதை எடுக்கலாம்? பழசுன்னா கடையிலயே நின்னு எதையெல்லாம் பார்க்கணும்? எங்க பக்கத்து ஈரமும் கரண்டும் தெரியும்தானே, அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.

சோல்டரிங் அயன்

தம்பி, 68,000 ரூபா சாமானை இப்பவே விட்டுடுங்க. ஐ5-7200யூ, 7300யூ எல்லாம் ரெண்டு கோர்தான் (கோர்னா சிப்புக்குள்ள கணக்குப் போடுற பகுதி). சாதாரண இன்டெல் லெப்டொப்புகளில் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசொஃப்ட் ஏத்துக்கிற பட்டியல் எட்டாந்தலைமுறையில்தான் தொடங்குது. கடைக்காரர் அந்தச் சோதனையைத் தாண்டிப் போட்டுக் கொடுப்பார், ஓடவும் ஓடும். ஆனா வருசத்துக்கொருக்கா வர்ற பெரிய அப்டேட் தானா இறங்காது, பென் டிரைவ் வச்சு நீங்களே ஏத்தணும். விண்டோஸ் 10-க்கே திரும்பிடலாம்னா, அதோட சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு.

மிச்சம் ரெண்டு. என்4500 ரெண்டு கோர், ரெண்டு த்ரெட் (ஒரே நேரத்தில ஓடக்கூடிய வேலை), 6 வொட் சிப். 8350யூ நாலு கோர், எட்டு த்ரெட், 15 வொட். ரிப்போர்ட் டைப் அடிக்கவும் ஸ்லைட் பார்க்கவும் செலரோன் போதும். ஸூம் ஓடுது, குரோமில் பத்து டெப் திறந்திருக்கு, அதோட கோட் எடிட்டரும் வேணும்னா அது திணறும். அன்ட்ரொயிட் ஸ்டூடியோ எமுலேட்டரை (கம்பியூட்டருக்குள்ளேயே போன் மாதிரி ஓடுறது) அதில நினைச்சே பார்க்க வேண்டாம். தங்கச்சியோட கோர்ஸுக்கு நான் டி480 பக்கம்தான்.

ஆனா 8 ஜி.பி. ரெம்மோட நிற்காதீங்க. டி480-ல் டி.டி.ஆர்.4 ரெம்முக்கு ரெண்டு ஸ்லொட் இருக்கு. பெரும்பாலும் ஒரு ஸ்லொட்டில் 8 ஜி.பி. குச்சி ஒண்ணு இருக்கும், மற்றது காலி. இன்னொரு 8 போட்டா 16 ஆகும், ரெண்டு குச்சியும் சேர்ந்து வேலை செய்றதால உள்ளிருக்கிற கிராஃபிக்ஸும் கொஞ்சம் வேகம் பிடிக்கும். 2025 கடைசியில இருந்து ரெம் விலை ஏறிக் கிடக்கு, அதனால பிறகு போடலாம்னு தள்ளாம 16 ஜி.பி. போட்ட விலையையே பேசி வாங்குங்க. டி480எஸ், எக்ஸ்280-னு காட்டினா கவனம். முதலாவதில் பாதி ரெம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், ஒரு ஸ்லொட்தான். ரெண்டாவதில் ஸ்லொட்டே கிடையாது.

கடையில முதல்ல பெட்டரி. டி480-க்கு ரெண்டு பெட்டரி: உள்ளே 24 வொட்-அவர் ஒண்ணு, பின்னால கழட்டி மாட்டுறது ஒண்ணு. வெளிய இருக்கிறதை மட்டும் மாத்திட்டு "பெட்டரி புதுசு"ன்னு சொல்றது வழக்கம். கமாண்ட் புரொம்ப்ட் திறந்து பவர் என்ற சொல்லோட சி, எஃப், ஜி மூணையும் ஒட்டி எழுதி, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு பெட்டரி ரிப்போர்ட் ரெண்டையும் இடைவெளி இல்லாம ஒரே சொல்லா அடிங்க. ஒரு ரிப்போர்ட் ஃபைல் வரும். அதில ஒவ்வொரு பெட்டரிக்கும் டிசைன் கெபாசிட்டி (புதுசில இருந்த அளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்ப ஏறுற அளவு), சைக்கிள் கவுண்ட் (எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கிச்சுங்கிறது) இருக்கும். ஃபுல் சார்ஜ் டிசைனில 70 சதவீதத்துக்குக் கீழ போனா விலையைக் குறைக்கச் சொல்லுங்க, 50-க்குக் கீழன்னா அதை மாத்தித் தரச் சொல்லுங்க. ரெண்டு இலக்கமும் கடைசித் தானம் வரை ஒண்ணா இருந்து சைக்கிளும் பூச்சியம்னா சந்தோசப்படாதீங்க, மட்டமான டூப்ளிகேட் பெட்டரிகள் அப்படித்தான் காட்டும். சார்ஜரைக் கழட்டிட்டு முழு வெளிச்சத்தில இருபது நிமிசம் வீடியோ ஓட விட்டா சாயம் வெளுக்கும்.

அடுத்து சார்ஜ் ஏறுற டைப்-சி ஓட்டை. டி480 டைப்-சியில மட்டும்தான் சார்ஜ் ஏத்தும், ஓட்டை மெயின்போர்டில சோல்டர் பண்ணினது. வயரை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க, சார்ஜ் விட்டு விட்டு வந்தா வேண்டாம். அந்தக் காலத்துத் திங்க்பேட்களில் தண்டர்போல்ட் (வேகமான டைப்-சி) ஓட்டையோட ஃபர்ம்வெயரில, அதாவது சிப்புக்குள்ள பதிஞ்ச சொஃப்ட்வெயரில, ஒரு பிழை இருந்தது, முத்தினா அந்த ஓட்டையே வேலை செய்யாம போகும். லெனோவோ அதுக்கு அப்டேட் கொடுத்திருக்கு. வாங்கின அண்ணைக்கே போட்டுடுங்க. பழுதான பிறகுன்னா சிப்பைக் கழட்டி எழுதணும், அதைச் செய்ய எல்லாக் கடையிலயும் ஆள் இல்லை.

ஸ்கிரீனில ரெசலூஷனைப் பார்க்க மறக்காதீங்க. இதே மொடல் 1366-க்கு 768-லயும் வந்திருக்கு, கோட் எழுத அது குறுகல். 1920-க்கு 1080 கேளுங்க. முழு வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் திறந்து பக்கவாட்டில இருந்து பார்த்தா அழுத்தம் பட்ட இடம் வெள்ளைத் திட்டாத் தெரியும்.

பதுளை அக்கா

சோல்டரிங் அயன் சொன்னதில செலரோன் பற்றினது சரி. ஆனா பழசுன்னு முடிவெடுக்க முன்னாடி, ஐ3-1215யூ போட்ட புது மெஷின் உங்க கைக்கு எட்டுதான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க தம்பி. ஆறு கோர், எட்டு த்ரெட், 8350யூவை விட நல்ல வேகம். காசு பத்தலைன்னாலும் கடன் வாங்காம மாசத் தவணைக்குப் போக முடியும்னா, நாலு வருச கெம்பஸுக்கு அதுதான் என் தெரிவு. எட்டாந்தலைமுறைதான் விண்டோஸ் 11 பட்டியலோட அடிப்படி. அடுத்த விண்டோஸ் வந்தா முதல்ல வெளியே தள்ளப்படறதும் அதுவாத்தான் இருக்கும்.

முடியாதுன்னா ரிஃபர்பிஷ்ட் எடுங்க. ஆனா கொழும்பில ஐயாயிரம் குறைவுன்னு ஓடாதீங்க. மூணு மாச வொரண்டிக்குள்ள ரெண்டு தடவை கொண்டுபோய்க் கொடுத்து எடுத்தா அந்த ஐயாயிரம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரி. தங்கச்சி பதுளையில இருக்கப் போறா, அங்கயோ பண்டாரவளையிலயோ திருப்பிக் கொடுக்கக்கூடிய கடை ஒண்ணு இருந்தா ரெண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும்.

எல்லாரும் மறக்கிறது லொக். இந்த மெஷின்கள் வெளிநாட்டு ஒஃபிஸ்களில இருந்து மொத்தமா வர்றது. முதல்ல பயோஸுக்குள்ள (விண்டோஸ் தொடங்க முன்னாடி திறக்கிற அடிப்படை செட்டிங்ஸ்) போங்க: திங்க்பேட்ல எஃப்1, டெல்லில எஃப்2, எச்.பி.யில எஃப்10. ரீஸ்டார்ட் கொடுத்து லோகோ வரும்போது தட்டிக்கிட்டே இருக்கணும். பாஸ்வேர்ட் கேட்டா அங்கயே வச்சிட்டு வந்திடுங்க. திங்க்பேட் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் உள்ளிருக்கிற சின்ன பெட்டரியைக் கழட்டினா போற சாமான் இல்லை. உள்ளே போனதும் செக்யூரிட்டி பக்கத்தில அப்சலூட் அல்லது கம்பியூட்ரேஸ்னு (களவு போன மெஷினைத் தேடி, தூரத்தில இருந்தே லொக் பண்றது) ஒரு வரி இருக்கும், அது இயங்குற நிலையில இருந்தா வேற மெஷின் கேளுங்க.

இன்னொரு லொக் கண்ணுக்கே தெரியாது. பழைய கொம்பனி தன்னோட மைக்ரோசொஃப்ட் ஓட்டோபைலட் (கொம்பனி மெஷின்களை இன்டர்நெட் வழியா தானா செட்டப் பண்றது) பட்டியலில இருந்து மெஷினை நீக்காம வித்திருக்கும். கடையில இன்டர்நெட் இல்லாம லோக்கல் எக்கவுண்ட் போட்டுத் தர்றதால எதுவும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு ரீசெட் பண்ணி வைஃபை கொடுத்ததும் ஏதோ ஒரு கொம்பனியோட பேர் வந்து ஒஃபிஸ் ஈமெயில் கேக்கும். கடையிலயே புதுசா விண்டோஸ் போடச் சொல்லி, ஆரம்ப செட்டப்பில உங்க போன் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்துப் பாருங்க. எஸ்.எஸ்.டி.ன்னா அரை மணித்தியாலத்தில முடியும். மாட்டேன்னா, பில்லில சீரியல் நம்பரோட "கொம்பனி லொக் வந்தால் பணம் மீளத் தரப்படும்"னு எழுதி சீல் வாங்குங்க. அதுக்கும் மாட்டேங்கிற கடை, கடையே இல்லை.

விண்டோஸ் திருட்டா அசலான்னும் பார்க்கலாம். விண்டோஸ் கீயோட ஆர் அழுத்தி, எஸ்.எல்.எம்.ஜி.ஆர். எழுத்துகளைப் புள்ளி இல்லாம அடிச்சு, இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்.பி.ஆர். போடுங்க. நிரந்தரமா எக்டிவேட் ஆகியிருக்குன்னு வரணும். ஆறு மாசத்துக்குள்ள ஒரு திகதி காட்டினா அது கிரெக். ஒஃபிஸ்களில இருந்து வர்ற மெஷின்களில பெரும்பாலும் புரோ லைசன்ஸ் போர்டிலேயே பதிஞ்சிருக்கும். மைக்ரோசொஃப்ட் தளத்தில இருந்து இறக்கி 8 ஜி.பி. பென் டிரைவில ஏத்திப் போட்டா தானா எக்டிவேட் ஆகும். கடைக்காரர் எதுக்குக் கிரெக் போடுறார்னு எனக்கு இண்டைக்கும் விளங்கல. ஒரே கொப்பியை எல்லாத்திலயும் அடிக்கிறது லேசு போல.

மெயின் சுவிட்ச்

கரண்டும் ஈரமும் பற்றிக் கேட்டீங்களே, யாரும் தொடல.

ஜப்பானில இருந்து வந்த சாமான்னா சார்ஜர் வயரைத் திருப்பிப் பாருங்க. அடப்டரில 100-240 வோல்ட்னு இருக்கும், அது பிரச்சினை இல்லை. சுவர்ல இருந்து அடப்டருக்கு வர்ற வயரிலயோ பிளக்கிலயோ 125 வோல்ட்னு பொறிச்சிருக்கும். நம்ம 230-க்கு அந்த வயர் ஆகாது. மிக்கி மவுஸ் தலை உள்ள, 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கோட வர்ற வயர் மின்சாரக் கடையில சொற்ப விலை. கடையில ஒரு பிளக் கன்வேர்ட்டரை மாட்டித் தந்தா வாங்காதீங்க. கீபோர்டையும் பார்த்துக்குங்க, ஜப்பான் கீபோர்டில ஸ்பேஸ் பார் குட்டையா இருக்கும், குறியீடுகள் வேற இடத்தில இருக்கும். கோட் எழுதுற பிள்ளைக்கு அது தினமும் தொல்லை.

லயத்து வீடுகளில பழைய வயரிங்ல எர்த் இருக்காது, இருந்தாலும் எங்கயாவது அறுந்திருக்கும். அங்க சார்ஜ் போட்டபடி உலோகப் பகுதியைத் தொட்டா விரல் சுர்ருன்னு கூசும். லெப்டொப் பழுதுன்னு கடைக்குக் கொண்டு ஓடாதீங்க, அடப்டரோட சின்னக் கசிவு எர்த்துக்குப் போக வழியில்லாம உங்க கையால போகுது. எர்த் ரொட் அடிச்சு டிரிப் சுவிட்ச் சரியா விழுதான்னு எலக்ட்ரீஷியன் ஒருத்தரை வச்சுப் பார்க்கணும். அது வீட்டு ஆட்களுக்காக, லெப்டொப்புக்காக இல்ல.

மார்ச்-ஏப்ரலிலயும் ஒக்டோபர்-நவம்பரிலயும் பின்னேரத்து இடி தெரியும்தானே. வானம் இருண்டதும் பிளக்கைக் கழட்டிடுங்க, சுவிட்சை ஓஃப் பண்றது போதாது. ரவுட்டருக்கு செம்பு டெலிபோன் லைன் வருதுன்னா அதையும். அந்த வழியா வந்து நெட்வேர்க் வயரால லெப்டொப்புக்குள்ள ஏறினா மெயின்போர்டே போகும்.

ஈரத்தில பழசுக்கும் புதுசுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. பழைய மெஷினோட ஹீட்சிங்க் (சிப்போட சூட்டை வெளியேத்துற உலோகத் தகடு) இடுக்கில தூசி இருக்கும், நம்ம பனியும் சேர்ந்தா கம்பளி மாதிரி அடைச்சுக்கும். ஃபேன் கத்தும், சூடேறினதும் சிப் வேகத்தைத் தானா குறைக்கும். வாங்கின கையோட பின்மூடியைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, தேர்மல் பேஸ்ட் மாத்திப் போடச் சொல்லுங்க. அப்ப நீங்களும் எட்டிப் பாருங்க. யூ.எஸ்.பி. ஓட்டைக்குள்ளயோ ஸ்க்ரூ தலையிலயோ பச்சையா வெள்ளையா பூத்திருந்தா தண்ணி பட்ட மெஷின். லிந்துலைக் குளிர்ல இருந்த லெப்டொப்பை பதுளைக்குக் கொண்டு இறங்கினா பேக்கைத் திறக்காம ஒரு மணித்தியாலம் விடச் சொல்லுங்க. குளிர்ந்த உலோகத்தில வெக்கைக் காத்து பட்டா உள்ளேயும் நீர் கோர்க்கும்.

லிந்துலை பொடியன்

எல்லாருக்கும் நன்றி. ஐ3 மெஷின் கைக்கு எட்டல அக்கா. டி480-ஐத் திரும்பப் போய்ப் பார்த்தேன். பயோஸ் லொக் இல்லை, ஸ்கிரீன் 1920. பெட்டரி ரிப்போர்ட்டில உள்ளே 24-க்கு 13 வொட்-அவர், வெளியே 24-க்கு 22. எஸ்.எஸ்.டி. ஹெல்த் 91 சதவீதம்னு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற சொஃப்ட்வெயர் காட்டிச்சு. 16 ஜி.பி. போட்டு 108,000 கேக்கிறாங்க. லெக்சருக்கு இந்த பெட்டரி தாங்குமா?

சோல்டரிங் அயன்

ரெண்டும் சேர்த்து 35 வொட்-அவர். கோட் எழுதுறது, பி.டி.எஃப். படிக்கிறதுன்னா இந்த மெஷின் சுமார் 8 வொட் இழுக்கும், நாலு மணித்தியாலம் கிட்ட ஓடும். ஸூம்னா 13, 14 வொட், ரெண்டரை மணித்தியாலம். உள் பெட்டரி பாதிக்கு வந்திட்டுது, அதை மாத்தித் தரச் சொல்லுங்க. மாட்டேன்னா 108-ல இருந்து இறங்கணும். இறங்கின காசைச் செலவழிக்காம, பின்னால மாட்டுற 72 வொட்-அவர் பெட்டரி ஒண்ணுக்கு வைங்க. ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை, ரெண்டு கொக்கியைத் தள்ளினா கழண்டிடும். அதைப் போட்டா அடிப்பக்கம் கொஞ்சம் துருத்திக்கிட்டு நிற்கும், பேக் வாங்கும்போது பார்த்து வாங்குங்க. எஸ்.எஸ்.டி. 91 நல்லது. பில்லில லொக் வரியை எழுத வச்ச பிறகு காசைக் கொடுங்க.