சூலிஸ் எந்தத் துறையின் தெய்வம்? அட்டவணையில் மாட்டிக்கொண்டேன்

வணக்கம் நண்பர்களே. கெல்டிய (பண்டைய ஐரோப்பாவின் கெல்ட் மக்களின்) தெய்வங்களைப் பற்றித் தமிழில் ஓர் அட்டவணை தயாரிக்கிறேன்: பெயர், வணங்கிய இடம், ஆளும் துறை. எபோனாவுக்குக் குதிரை, பிரிகிட்டுக்குக் கவிதை, மருத்துவம், கொல்லர் வேலை. இவற்றில் சிக்கல் இல்லை. சூலிஸுக்கு மட்டும் துறைக் கட்டம் இரண்டு வாரமாகக் காலியாகவே இருக்கிறது.

இங்கிலாந்தின் பாத் நகரில் உள்ள வெந்நீர் ஊற்றின் தெய்வம் அவள். ரோமானியர் தங்கள் அறிவுத் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து 'சூலிஸ் மினர்வா' என்று வணங்கினார்கள். பொன்முலாம் பூசிய அவளுடைய வெண்கலத் தலை 1727இல் அங்கே சாக்கடை தோண்டும்போது கிடைத்தது.

முதலில் அயர்லாந்துக் கதைகளில் தேடினேன். அவள் பெயரே அங்கு இல்லை. அப்புறம் ரோமத் தளபதி ஜூலியஸ் சீசரின் குறிப்பு. கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு மக்களின் மினர்வா கைத்தொழில் கற்றுத்தருபவள், நோயை விரட்டுபவர் அப்பல்லோ என்கிறார். பாத்துக்கு அது பொருந்தவில்லை. பெயரின் வேரைப் பிடித்துப் போனால் 'சூரியன்', 'கண்' என்று இரண்டு விளக்கம்.

கடைசியாக, ஊற்றில் கிடைத்த சுமார் 130 சாபத் தகடுகள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சிறு தகடுகள். பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். டோசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று அவளிடம் முறையிடுகிறார். ஒரு ஜோடி கையுறைக்காக அவ்வளவு வேதனை! அதைப் படித்த பிறகு 'நோய் தீர்க்கும் தெய்வம்' என்று மட்டும் எழுத மனம் வரவில்லை.

கல்வெட்டு, தகடு ஆதாரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், சூலிஸின் துறையாக முதலில் எதை எழுதுவது சரி: நோய் தீர்த்தலா, நீதியா?