டொலேடோ சாந்தோ தோமே கோயில்: யாராவது பார்த்திருக்கிறீர்களா?

காரைக்குடி ஆச்சி:
மகன் மாட்ரிட்டில் இருக்கிறான். நான் போகும்போது டொலேடோவில் சாந்தோ தோமே பங்குக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான். ஒரே ஒரு ஓவியத்துக்காக ஒரு நாளை ஒதுக்கலாமா?

கண்டனூரான்:
கட்டாயம் போய் வாருங்கள் ஆச்சி. நம் சாந்தோம் பெயரேதான், அதே தோமையார். ஓவியர் எல் கிரேக்கோ 1586இல் தொடங்கி 1588இல் முடித்த 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' அங்கேதான் இருக்கிறது, உயரம் மட்டும் 4.8 மீட்டர். ஸ்தேவான், அகுஸ்தீன் என்று இரண்டு புனிதர்கள் பொன்சரிகை அங்கியோடு இறங்கிவந்து பிரபுவின் உடலைத் தாங்குகிறார்கள். ஸ்தேவானின் அங்கியை உற்றுப் பாருங்கள், அவரைக் கல்லால் அடித்த காட்சியே சரிகை வேலையாக வரைந்திருக்கும். பக்கத்தில் பந்தம் பிடித்து நிற்கும் பையன் ஓவியரின் மகன். அவன் கைக்குட்டையில் 1578, அவன் பிறந்த வருஷம்.

தேவகோட்டை வாசகன்:
அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. 1323இல் இறந்த பிரபு, ஓர்காஸ் ஊரார் வருஷாவருஷம் இந்தக் கோயிலுக்கு 2 செம்மறிக் கிடா, 16 கோழி, 2 தோற்பை மது, 2 சுமை விறகு, 800 மராவெதி காசு தர வேண்டும் என்று எழுதிவைத்தார். நம் நகரத்தார் கோயில் புள்ளிவரி (குடும்பக் கணக்கில் கட்டும் வரி) மாதிரி கட்டாயமான கடமை. 1564இல் ஊரார் நிறுத்திவிட, பங்குத்தந்தை அந்திரேஸ் நூன்யெஸ் வழக்காடி 1569இல் ஜெயித்தார். அப்புறம் அவரே பிரபுவின் கல்லறைக்கு மேல் இந்தப் படத்தை வரையச் சொன்னார். வெளியே வந்ததும் செங்கல் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள், முதேகார் பாணி (இஸ்லாமியக் கலைச்சாயல் கொண்ட ஸ்பானியக் கட்டடப் பாணி), 14ஆம் நூற்றாண்டு.

காரைக்குடி ஆச்சி:
சரி, போகிறேன். கைக்குட்டையை முதலில் தேடுவேன்.